ஓகூஸில் வைத்த பந்தி

யாழ்ப்பாணத்து மனிதர் இரண்டு பேர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் மூன்று கேள்விகளுக்குள் ஒருவரையொருவர் அளந்துவிடுவார்கள். ஊர் எது? ஊரில் எவடம்? அங்கே யாருடைய மகன்? மூன்றாவதற்கு வரும் பதிலை வைத்துத்தான் கேட்டவர் கதிரையை முன்னால் இழுப்பதா பின்னால் தள்ளுவதா என்று முடிவெடுப்பார். தவராஜா டென்மார்க்குக்கு வந்த பதினெட்டு மாதங்களாக முதல் கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லி, மற்ற இரண்டையும் இருமியும் சிரித்தும் கழித்துக்கொண்டு வந்தான்.

அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஊர் அல்லைப்புலம். சில்க்போர்க் என்ற டெனிஷ் ஊரில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மெலிந்த உடம்பு, வெளிறிய நிறம். போடும் சேட்டை ஸ்திரிக்கை போட்டு மினுக்காமல் வெளியே போகமாட்டான். யோசிக்காமல் ஒரு சொல் பேசமாட்டான். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று பார்த்தவர்கள் தாங்களாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். அவன் மறுக்கவில்லை. உண்மையில் அவனுடைய தகப்பன் சாகும்வரை மற்றவர்களின் வளவுகளில் அடிமை வேலை செய்தவர். தாய் தங்கமலர் நல்லநாள் பெருநாளில் பெரிய வீடுகளின் பின்பக்கமாகப் போய் நின்று கொடுப்பதை வாங்கி வந்து அவனை வளர்த்தவள். அந்தச் சனங்களுக்கு ஊரில் ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நாகரிகமானவர்கள் 'அவையள் வேற ஆக்கள்' என்று சொல்வார்கள். அந்த நாகரிகம் அந்தச் சொல்லைவிடக் கேவலமானது.

சில்க்போர்க்கில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் இரத்தினசிங்கம். விதியின் குசும்பைப் பாருங்கள், அவனுக்கும் அல்லைப்புலம்தான். ஆனால் அவன் ஊர்த் தலைவராக இருந்த பழைய விதானையாருடைய மகன்வழிப் பேரப்பிள்ளை. தகப்பன் இளம் வயதிலேயே மலைநாட்டுப் பதுளைக்குப் போய்க் கடை வைத்தவர். இரத்தினசிங்கம் அங்கேயே பிறந்து, சிங்களவர், முஸ்லிம்கள் நடுவில் வளர்ந்து, எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்த பிறகு யாழ்ப்பாண நகரத்தில் மாமன் வீட்டில் ஒதுங்கி, அப்படியே வெளிநாடு வந்துவிட்டான். சொந்த ஊரைச் சின்ன வயதில் இரண்டு தரம் எட்டிப்பார்த்ததோடு சரி. அதனால் அங்கே தவராஜா யார், எவர் என்று அவனுக்குத் தெரியாது. தவராஜாவுக்கோ இரத்தினசிங்கத்தின் பாட்டன் வீட்டில் எத்தனை தூண் என்பது வரைக்கும் தெரியும்.

இரத்தினசிங்கம் ஆள் கறுப்பு, பருமன். சிரித்தால் பக்கத்து அறை டெனிஷ்காரன் சுவரில் தட்டுவான். வாய் மோசம், மனம் மோசமில்லை. அகதி முகாமில் முதல் குளிர்காலத்தில் தவராஜா காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு நாள் வேலை வெட்டி எல்லாம் விட்டு, அவனுடைய வாந்தியை வெறும் கையால் அள்ளியவன் இந்த இரத்தினசிங்கம். அதே ஆள்தான் சமைக்கும்போது தகப்பன் சொன்ன பழைய கதைகளை எடுத்துவிடுவான்.

"எங்கட வீட்டுப் பின் வேலியிலை சிரட்டை கட்டித் தொங்கவிட்டிருப்பினமாம், மச்சான். வேற ஆக்கள் வந்தால் அதிலைதான் தண்ணி. ஒருத்தன் சின்னப்பெடியன், செம்பைத் தொட்டிட்டானாம். எங்கட அப்பப்பா செம்பை வேலிக்கு அப்பாலை எறிஞ்சிட்டு அவனைப் பூவரசங் கம்பாலை வெளுத்தவராம்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பான். தவராஜா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பெடியன் அவன்தான். அடி விழுந்த இடம் தொடையில் இன்னும் ஒரு கோடாக இருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் இரத்தினசிங்கம் கடையில் மலிவாகக் கிடைக்கும் கொத்திய மாட்டிறைச்சியை வாங்கி வந்து உறைப்பாக ஒரு கறி வைப்பான். பதுளையில் பழகிய நாக்கு அவனுக்கு. தவராஜாவும் பாணைப் பிய்த்துக் கறியில் முக்கி முக்கிச் சாப்பிடுவான். நாலு சுவருக்குள்ளே நடந்த அந்தச் சாப்பாட்டைப் பற்றி இருவரும் வெளியே கதைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மகேந்திரராசா வீட்டுக்குப் போவார்கள். மகேந்திரராசா இலங்கையில் வேறொரு ஊரில் தபால் கந்தோர் கிளாக்கராக இருந்தவர். முந்தி வந்தவர், டெனிஷ் தெரிந்தவர், பழைய ஓப்பல் கார் ஒன்று வைத்திருந்தவர். கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோருக்கு மொழிபெயர்க்கப் போவதானாலும், யாருக்கு யார் பக்கத்தில் இருக்கலாம் என்று முடிவெடுப்பதானாலும் அந்தச் சின்ன ஊர்த் தமிழருக்கு அவர்தான் எல்லாம். ஐந்து மாதங்களுக்கு முன் அவருடைய தங்கை பவளராணி வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சீனி காணுமோ?" என்று தவராஜாவைப் பார்த்துக் கேட்பாள். இரத்தினசிங்கத்தைக் கேட்பதில்லை. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு தவராஜா ஒரு கிழமையை ஓட்டிவிடுவான். அவளைக் கட்டவேண்டும், அவளோடு ஒரு வீடு எடுக்கவேண்டும், அதற்குப் பிறகு எவனும் எந்தக் கேள்வியும் கேட்காத ஒரு மனிதனாக இருக்கவேண்டும். அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். யோசேப் வந்து பக்கத்தில் இருந்தான். மன்னார்ப் பெடியன், மகேந்திரராசா வீட்டில் செல்லமாக ஏறி இறங்குகிறவன்.

"அண்ணை, ஒரு கதை. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. மகேந்திரண்ணையின்ரை மாமா கடிதம் போட்டிருக்கிறார். அல்லைப்புலத்திலையிருந்து வேற ஆக்களின்ரை பெடியன் ஒருத்தன் டென்மார்க்குக்கு வந்திருக்கிறானாம். வீட்டுக்குள்ளை எடுக்க முதல் வடிவா விசாரிக்கட்டாம்."

தவராஜா கையில் இருந்த பாண் துண்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தான். "பேர் போட்டிருக்கோ?"

"சீச்சீ. உப்பிடியான ஆக்களின்ரை பேரைத் தன்ரை கையாலை எழுதுவாரோ அந்த மனுசன்? ஊரைத்தான் எழுதியிருக்கிறார். அல்லைப்புலம் எண்டால் இஞ்சை நீங்களும் இரத்தினண்ணையும்தானே." யோசேப் குரலைத் தாழ்த்தினான். "அதுதான் ஞாயிற்றுக்கிழமை ஓகூஸுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போறார். தங்கச்சிக்கு இஞ்சை இருக்க விசா கிடைச்ச சந்தோசம் எண்டு சொல்லுவார். புதுசாத் திறந்த பிரேசில் சாப்பாட்டுக்கடையாம். நாங்கள் போதும் எண்டு சொல்லுமட்டும் இறைச்சி கொண்டுவந்து வெட்டி வெட்டிப் போடுவினமாம். ஒருத்தனைப் பந்தியிலை இருத்திப் பாத்தால் பிறப்புத் தெரியும் எண்டுறார். ஆர் மாடு தின்னுறான், ஆர் எப்பிடித் தின்னுறான் எண்டு பாக்கப்போறார்."

"நீரும் மாடு தின்னுறனீர்தானே?"

"நான் வேதக்காரன், அண்ணை. நான் என்னத்தைத் திண்டாலும் கணக்கில்லை." யோசேப்பின் ஊர் மாதா கோயிலிலும் எந்தச் சாதி எந்த வாங்கில் இருப்பது என்று ஒரு கணக்கு இருந்தது. அது அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. "நீங்கள் பயப்பிடாதேங்கோ. உங்களிலை ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. உங்கட நடப்பைப் பாத்தாலே தெரியுது."

சனிக்கிழமை முழுவதும் தவராஜாவும் இரத்தினசிங்கமும் ஒரே அறைக்குள் இருந்தார்கள். 'நாளைக்கு அங்கை மாட்டைத் தொடாதை' என்று சொன்னால் போதும். அவ்வளவுதான் தேவைப்பட்டது. தவராஜா சொல்லவில்லை. இவன் தப்பினால் நான் அகப்படுவேன் என்று அவனுடைய மூளை துல்லியமாகக் கணக்குப் போட்டுவிட்டது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. தொடையில் இருந்த கோடு.

"மச்சான், நாளைக்கு என்ன உடுப்புப் போடட்டும்?" என்று இரத்தினசிங்கம் கேட்டான். பெரிய ஹோட்டலில் அவன் இதுவரை சாப்பிட்டதில்லை, காலையிலிருந்தே பாட்டுத்தான்.

"உன்ரை மஞ்சள் சேட்டைப் போடு. அதுதான் உனக்கு வடிவு."

வாழைப்பழ மஞ்சள் நிறத்தில், பெரிய பூப் போட்ட சேட் அது. தவராஜா அதைத் தன் கையாலேயே மினுக்கிக் கொடுத்தான்.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு ஐந்து பேரும் ஓகூஸ் நகரத்தில் இறங்கினார்கள். உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் நெருங்கிக்கொண்டிருந்த காலம்; கடைச் சுவரெல்லாம் பிரேசில் கொடியும் டென்மார்க் கொடியும் சேர்ந்து தொங்கின. மகேந்திரராசா கதிரைகளைக் காட்டி ஒவ்வொருவரையும் இருத்தினார். தனக்கு எதிரே இரத்தினசிங்கம், அவனுக்குப் பக்கத்தில் தவராஜா. தன் பக்கத்தில் பவளராணியும் யோசேப்பும். கலியாண வீட்டில் சபை வைக்கிற கவனம் அது.

மேசையில் ஒரு மரக்கட்டை இருந்தது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை மேலே இருக்கும்வரை பரிமாறுகிறவன் வந்துகொண்டே இருப்பான், சிவப்பைத் திருப்பினால் நிறுத்துவான் என்று மகேந்திரராசா விளங்கப்படுத்தினார். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய நெடுவல் பெடியன் ஒருவன் கையளவு நீளக் கம்பியில் கோத்த இறைச்சியோடு வந்து நின்றான். முதலில் கோழி. பவளராணியைத் தவிர எல்லோரும் தட்டையான சாப்பாட்டுக் கோப்பைகளில் வாங்கினார்கள். பவளராணிக்கு இறைச்சி பழக்கமில்லை; சோறு, கறுத்த அவரை, வாழைப்பழப் பொரியல் என்று எடுத்துவைத்துக்கொண்டு, கிண்ணத்தில் இருந்த வறுத்த மாவை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணை, இது மரவள்ளி மாவெல்லே!" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். தவராஜாவைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தமையன் எதற்கு அழைத்து வந்திருக்கிறார் என்பது தெரிந்துதான் அவள் அவரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கம்பி வந்தது. வெளியே கருகி, உள்ளே சிவந்து, கொழுப்பு வழிய ஒரு பெரிய சதை.

"ஒக்ச," என்றான் பெடியன். மாடு.

மகேந்திரராசா கையால் மறைத்து வேண்டாம் என்றார். யோசேப் வாங்கினான். கம்பி தவராஜாவின் கோப்பைக்கு மேலே வந்து நின்றது. அந்த வாசனைக்கு அவனுடைய வாய் ஊறியது.

"நான் மாடு தொடுறேல்லை," என்று அவன் தமிழிலேயே, மேசைக்குக் கேட்கச் சொன்னான்.

இரத்தினசிங்கம் திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தது. 'நேத்துத்தானே' என்ற சொல் உதட்டுக்கு வந்துவிட்டது என்று தவராஜாவுக்குத் தெரிந்தது. இரத்தினசிங்கத்தின் கண் ஒருமுறை பவளராணியைத் தொட்டுவிட்டுத் தவராஜாவிடம் திரும்பியது. ஓகோ, பெடிச்சிக்கு முன்னாலை பெரிய மனுசனாகப் பார்க்கிறான் என்று அவன் விளங்கிக்கொண்டான். சிநேகிதனுக்கு உதவவேண்டும் அல்லவா? மேசைக்குக் கீழே காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உரத்துச் சொன்னான்.

"தவமோ? அவனுக்கு மாட்டைக் கண்ணிலையும் காட்ட ஏலாது, அண்ணை! நான் ஒருநாள் வாங்கிக்கொண்டு வர, சட்டியோடை வெளியிலை போ எண்டு கலைச்சவன். அவ்வளவு ஆசாரம். நான்தான் பதுளையிலை கெட்டுப்போனவன்." அப்படிச் சொல்லிவிட்டுத் தன் கோப்பையை நீட்டினான். "எனக்குப் போடு, தம்பி, போடு!"

பெடியன் வெட்டிப் போட்டான். இரத்தினசிங்கம் முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் வைத்துவிட்டுக் கையால் எடுத்துத் தின்றான். அடுத்த கம்பி வந்தது, அதையும் வாங்கினான். அதற்கடுத்ததையும் வாங்கினான். கொழுப்பு மஞ்சள் சேட்டில் சொட்டியது. ஒவ்வொரு துண்டுக்கும் மகேந்திரராசா தங்கையை ஒரு பார்வை பார்த்தார். யோசேப் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினான். நல்ல இறைச்சி, நல்ல மனிதர்கள், நல்ல நாள் என்று இரத்தினசிங்கம் சந்தோசத்தில் மிதந்துகொண்டிருந்தான். மனிதர்களிலேயே மிகவும் பரிதாபமானவன், தன்னைத் தூக்கிலிட வந்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பவன்தான்.

"தவம், அவருக்கு அந்தத் துண்டையும் குடும்," என்றார் மகேந்திரராசா. யோசேப்பின் கோப்பையில் மிஞ்சிக் கிடந்த துண்டைத் தவராஜா முள்ளால் குத்தி எடுத்து இரத்தினசிங்கத்தின் கோப்பையில் வைத்தான். "நன்றி, மச்சான்," என்றான் இரத்தினசிங்கம்.

மகேந்திரராசா கைத்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இரத்தினம், நீர் அல்லைப்புலம் எண்டு சொன்னீர். ஊரிலை எவடம்?"

"விதானையார் வளவு, அண்ணை. கோயிலடியாலை திரும்பினவுடனை."

"எந்தக் கோயில்?"

"பிள்ளையார் கோயில்..."

"பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் எங்கை இருக்கு? சரி, உங்கட வளவுக்குப் பக்கத்து வளவிலை ஆர் இருக்கினம்?"

இரத்தினசிங்கம் மெல்லுவதை நிறுத்தினான். "அது எனக்குத் தெரியாது, அண்ணை. நான் பதுளையெல்லே."

"பதுளை," என்றார் மகேந்திரராசா. "ஊரிலை இருக்க ஏலாத எல்லாரும் பதுளையிலைதான் வளந்தவை."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எண்ணெய்க் கையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கறுத்த முகம் இன்னும் கறுத்தது. "என்ன அண்ணை கதைக்கிறீங்கள்? என்னை ஆரெண்டு நினைச்சீங்கள்? நான் விதானையாற்றை பேரன்! வேற ஆக்களை வாசல்படி மிதிக்க விடாத குடும்பம் எங்கட குடும்பம்!" குரல் உடைந்தது. தனக்கு நேர்ந்த அநியாயம் அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த அநியாயத்தை வேறொருவனுக்குச் செய்திருந்தால் அவன் சிரித்திருப்பான் என்பதும் உண்மை. "தவத்திட்டைக் கேளுங்கோ. அவன் அந்த ஊரிலை பிறந்து வளந்தவன். டேய் மச்சான், சொல்லன்ரா!"

நாலு பேரும் தவராஜாவைப் பார்த்தார்கள். பவளராணியும் பார்த்தாள்.

தன்னைப் பூவரசங் கம்பால் அடித்த விதானையாருக்கும் இந்த இரத்தினசிங்கத்துக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. முகாமில் முதல்நாள் கண்டபோதே தவராஜாவுக்கு அது தெரிந்துபோயிற்று. ஓம் இவன் அந்த வீட்டுப் பேரன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால், இங்குள்ள அல்லைப்புலத்துக்காரரில் மிச்சம் இருப்பவன் அவன் ஒருவன்தான்.

"விதானையார் வளவை எனக்கு வடிவாத் தெரியும்," என்று தவராஜா நிதானமாகச் சொன்னான். "அந்த வீட்டிலை இருந்த ஆக்கள் எல்லாரையும் தெரியும். இவரை நான் ஒருநாளும் அங்கை காணேல்லை."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எந்தக் கோயிலிலும் இதைச் சத்தியம் பண்ணலாம். இவ்வளவு அசிங்கமான ஒரு உண்மையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இரத்தினசிங்கம் எழும்பிவிட்டான். கதிரை பின்னால் விழுந்தது. பக்கத்து மேசை டெனிஷ் குடும்பம் திரும்பிப் பார்த்தது. "நாயே! என்னோடை ஒரு அறையிலை படுத்தெழும்பிற நாயே! அண்ணை, இவனும் மாடு தின்னுறவன்! ஒவ்வொரு சனியும் என்னோடை சேந்து தின்னுறவன்! நேத்தும் திண்டவன்!"

பவளராணி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இப்பத்தானே சொன்னனீங்கள், அவருக்கு மாட்டைக் கண்ணிலையும் காட்ட ஏலாது எண்டு."

சிநேகிதனுக்காகச் சொன்ன பொய் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? இரத்தினசிங்கம் தவராஜாவைப் பார்த்தான். கோபம் போய், ஏதோ கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. தவராஜா வாழைப்பழப் பொரியலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான்.

"இனி எங்கட வீட்டுப் பக்கம் வரவேண்டாம்," என்றார் மகேந்திரராசா. "நீர் பஸ்ஸிலை போம். காரிலை இடமில்லை."

"வரேக்குள்ளை இருந்ததுதானே, அண்ணை?"

"வரேக்குள்ளை இருந்தது."

இரத்தினசிங்கம் விழுந்த கதிரையைத் தூக்கி நிமிர்த்தி வைத்தான். கையைத் துடைக்கத் துணி தேடி, கிடைக்காமல், மஞ்சள் சேட்டிலேயே துடைத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக்கு அப்பால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது தெரிந்தது. பிறகு ஒரு பக்கமாக நடந்தான். பரிமாறுகிற பெடியன் ஓடிவந்து, சாப்பாட்டில் ஏதும் பிழையா என்று கேட்டான். இல்லை இல்லை, எல்லாம் நல்ல ருசி என்று மகேந்திரராசா டெனிஷில் சொல்லி, போனவனுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்படி காட்டினார். பவளராணி தன் கோப்பையை அதிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தாள். எந்த முக மாற்றமும் இல்லாமல், ஈயை விரட்டுகிற சாதாரணமாக அதைச் செய்தாள். தவராஜா அந்தக் கையைப் பார்த்தான். அந்தக் கைதான் தனக்கு இனிச் சோறு போடப்போகிறது என்று நினைத்தான்.

"நீர் ஒண்டும் சாப்பிடேல்லை, தம்பி," என்றார் மகேந்திரராசா அன்பாக. கட்டை இன்னும் பச்சையாகவே இருந்தது. கறுவாப்பட்டைத் தூள் போட்டுச் சுட்ட அன்னாசிப்பழம் வந்தது. தவராஜா இரண்டு துண்டு சாப்பிட்டான்.

அன்று பின்னேரமே சில்க்போர்க்கில், மகேந்திரராசா வீட்டு வரவேற்பறையில், கலியாணக் கதை முற்றாகிவிட்டது. தவராஜாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்:

"சுத்தி வளைக்க விரும்பேல்லை. உமக்குச் சம்மதமெண்டால் பவளத்தை உமக்குத் தாறம். நான் மாமாவுக்கு எழுதிறன். அவர் ஒருக்கால் அல்லைப்புலம் போய் உம்மட அம்மாவைக் கண்டு முறையாக் கதைக்கட்டும். எங்கட முறை அதுதானே."

மாமா போவார். எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்பார். யாரோ ஒருவன் விரலை நீட்டுவான், ஒழுங்கையின் கடைசிக்கு, ஓலைக் கொட்டிலுக்கு. அங்கே தங்கமலர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, 'வாங்கோ நயினார்' என்று கைகட்டி நிற்பாள். அதைத் தடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"அம்மா இல்லை," என்றான்.

"என்ன?"

"செத்துப்போனா. போன வருஷம். நான் இஞ்சை வந்தாப் பிறகு. எங்களுக்கு அங்கை வேறை ஒருத்தரும் இல்லை."

"ஐயோ!" என்றாள் பவளராணி. கையில் இருந்த தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு அவள் உண்மையாகவே அழுதாள். "தாய்க்குக் கொள்ளி வைக்கக் குடுத்து வைக்கேல்லையே. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லாமல் மனசுக்குள்ளை வைச்சிருந்திருக்கிறீங்களே." அவளுடைய கண்ணீரைப் பார்த்துத் தவராஜாவுக்கும் கண் கலங்கியது. தனக்காக ஒரு பெண் அழுவதை அவன் அதுவரை கண்டதில்லை. தாயைத் தவிர.

"எப்ப? என்ன தேதி?" என்றார் மகேந்திரராசா. "ஆண்டுத் திவசம் முடியாமல் கலியாணம் வைக்க ஏலாது."

அவன் யோசிக்கவில்லை. வாயில் வந்த ஒரு தேதியைச் சொன்னான். ஓகஸ்ட் பதினேழு. பவளராணி ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பக்கம் புரட்டி, திதி கண்டுபிடித்தாள்.

அறைக்குத் திரும்பியபோது இரத்தினசிங்கத்தின் கட்டில் வெறுமையாக இருந்தது. சட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான். பிராண்டே என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று பிறகு தெரியவந்தது. அங்கேயும் அவனுக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று மாதம் கழித்து அவன் ஊரிலிருந்து ஒரு கடிதம் எடுப்பித்து, தான் விதானையாரின் பேரன்தான் என்று காட்ட அதை மகேந்திரராசாவுக்கு அனுப்பினான். "ஆரையேன் பிடிச்சு எழுதுவிச்சிருப்பான்," என்று சொல்லி மகேந்திரராசா அதைக் கிழித்துப் போட்டார். பெரிய மனிதர்கள் பிழைவிடுவதில்லை அல்லவா?

தவராஜா தாய்க்கு ஒரு கடிதம் எழுதினான். விலாசம் மாறுகிறது, நான் எழுதும் வரைக்கும் எழுதவேண்டாம் என்று எழுதினான். அதற்குப் பிறகு எழுதவில்லை.

ஓகஸ்டில் மகேந்திரராசா வீட்டில் திவசம் நடந்தது. ஐயர் கிடையாது, மகேந்திரராசா புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல, தவராஜா எள்ளும் தண்ணியும் இறைத்தான். செத்தவரின் பெயரைச் சொல்லவேண்டிய இடம் வந்தபோது, 'தங்கமலர்' என்று சொன்னான். குரல் நடுங்கவில்லை.

"மாமிக்கு என்ன கறி விருப்பம்?" என்று பவளராணி முதல்நாளே கேட்டிருந்தாள். அவனுக்குத் தெரியவில்லை. தாய் விரும்பி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அவன் கண்டதில்லை. மிஞ்சியதைத்தான் அவள் சாப்பிட்டாள். "கத்தரிக்காய்," என்று சும்மா சொன்னான். படைத்த சோற்றில் ஒரு பிடியைப் பவளராணி பல்கனியில் வைத்தாள். அந்த ஊரின் சாம்பல் முதுகுக் காகம் ஒன்று உடனே பறந்துவந்து கொத்தித் தின்றது.

"பாருங்கோ," என்றாள் அவள், கண்ணீரும் சிரிப்புமாக. "மாமி வந்திட்டா. உங்களிலை அவவுக்கு ஒரு கோபமும் இல்லை."

அடுத்த மாதம் கலியாணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள், தலைநகருக்குக் கிட்ட டோஸ்ட்ருப் பக்கம் ஒரு வீடு, நல்ல வேலை. பவளராணி நல்ல மனைவி. ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒரு குறையும் விடாமல் மாமிக்குத் திவசம் செய்தாள்.

ஒன்பதாவது திவசம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒருநாள் வேலைத்தலத்துக்குத் தொலைபேசி வந்தது. தொழிற்சாலை இரைச்சலுக்குள்ளும் தவராஜாவுக்குக் குரலை உடனே தெரிந்தது.

"நான் பிராண்டேயிலையிருந்து இரத்தினம். ஊரிலையிருந்து எங்கட ஆக்கள் எழுதியிருக்கினம். உன்ரை அம்மா செத்திட்டா. நீ வருஷாவருஷம் அவவுக்குத் திவசம் குடுக்கிற கதை இஞ்சையும் வந்தது. இந்தமுறை உண்மையாச் செத்திட்டா. ஊர்ச்சனம்தான் எடுத்துக் கொள்ளி வைச்சதாம்."

தொடர்பு அறுந்தது. தவராஜா மிச்ச வேலையை முடித்துவிட்டு, மாலை ரயிலில் வீட்டுக்குப் போனான். ஏன் முகம் ஒருமாதிரி இருக்கிறது என்று பவளராணி கேட்டாள். தலையிடி என்றான். அவள் இரண்டு குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை விழுங்கிவிட்டு, பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டான்.